பக்கவாத்தியக்காரர் ஆறு பேர் போட்ட தட்டு

'இல் வோலோ' என்று இணையத்தில் அடித்துப் பாருங்கள். நல்ல கோட்டுப் போட்ட மூன்று பெடியள் வந்து நிற்பார்கள். ஒபேராக் குரலில் பொப் பாட்டுப் பாடுகிறவர்கள். 2015இல் இத்தாலியின் சன்ரேமோ பாட்டுப் போட்டியில் 'கிராந்தே அமோரே' பாடி முதலிடம் எடுத்து, அதே பாட்டோடு வியன்னா போய் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் மூன்றாவதாக வந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, எங்கள் வீட்டிலேயே அவர்களுக்கு ரசிகை உண்டு. ஆனால் அந்த மூன்று பேரும் பிறப்பதற்கு இருபது வருடம் முன்னமே இதே பெயரில் இத்தாலியில் ஒரு குழு இருந்தது. 1974இல் ஒரு அல்பம், 1975இல் இன்னொன்று, அதோடு சரி. முதல் அல்பத்துக்கும் பெயர் 'இல் வோலோ'தான். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நான் மிலானோவில் வயதானவர் ஒருவர் வீட்டில் வேலை செய்கிறேன். அவரைத் தொத்தோரே என்றுதான் கூப்பிடுவேன். வைத்தியர் என்று நினைத்துவிடாதீர்கள், இந்த நாட்டில் நாலு எழுத்துப் படித்த எல்லோரும் தொத்தோரேதான். அவருடைய முன்னறையில் ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டு. மதியம் சாப்பிட்டு மருந்து குடித்தபிறகு ஒரு தட்டுப் போட வேண்டும், அது அந்த வீட்டுச் சட்டம். தூக்கி வைப்பது நான், எது என்று சொல்வது அவர்.

எழுபதுகளில் இளந்தாரியாக இருந்த மனிதர். அலுமாரியின் நடுத்தட்டு முழுக்க அந்தக் காலத்து இத்தாலியப் புரோகிரசிவ் ரொக், நீண்ட பாட்டும் பெரிய கதையுமாக வருகிற வகை. பிரேமியாத்தா ஃபொர்னேரியா மார்கோனி, பாங்கோ தெல் முதுவோ சொக்கோர்சோ, லே ஓர்மே, மூசேயோ ரோசென்பாக் என்று வரிசையாக நிற்கும். 'இல் வோலோ' மட்டும் அங்கே இல்லை. கீழ்த்தட்டில், புகழ்பெற்ற பாடகரும் மெட்டுக்காரருமான லூச்சோ பத்திஸ்தியின் பாட்டுகளோடு சேர்த்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால், "அது பாட்டுக்காரர்களின் தட்டு. ஆறு பெரிய கைகளைச் சேர்த்துக்கொண்டு போய்ச் சின்னச் சின்னப் பாட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள்" என்றார்.

தொத்தோரேயின் குறையில் உண்மை இல்லை என்று சொல்லமாட்டேன். எட்டுப் பாட்டு. ஒரு பக்கத்தையே விழுங்குகிற நீண்ட கதைப்பாட்டு ஒன்றுகூட இல்லை. முழுத்தட்டும் ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். 1972, 1973இல் வந்த இத்தாலியத் தட்டுகளைக் கேட்டவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாங்கோ 1972இல் பரிணாமத்தைப் பற்றியே ஒரு அல்பம் போட்டது, பெயர் 'தார்வின்!'. 1973இல் லே ஓர்மே இரண்டு கிரகங்களின் கதையைப் பாடியது, மூசேயோ ரோசென்பாக் தத்துவஞானி நீட்சேயைக் கையில் எடுத்தது. அப்படிப்பட்ட விருந்து சாப்பிட்டவர்கள் முன்னால், நாட்டிலேயே கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த ஆறு பேர் வந்து, 'ஒரு நுளம்பைப் போல' என்று முதல் பாட்டைத் தொடங்குகிறார்கள். 'கோமே ஊனா சன்சாரா' என்றால் அதுதான். ஏமாற்றம் வரத்தான் செய்யும்.

நான் கேட்கிற விதம் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பூசைக்குக் கீபோர்ட் வாசிக்கிறவன் நான். பாடுகிறவர் ஒருவர், பின்னால் நாங்கள் நாலைந்து பேர். பின்னால் நின்று வாசிப்பவனுக்கு இந்தத் தட்டில் முதலில் காதில் விழுவது எவ்வளவு வாசிக்கிறார்கள் என்பதல்ல, எங்கே வாசிக்காமல் விடுகிறார்கள் என்பது.

இந்த ஆறு பேரும் யார் என்று பார்த்தால் அது ஏன் என்று விளங்கும். ஆல்பெர்த்தோ ராடியுஸ் கிற்றார், பாட்டு. மாரியோ லவேத்ஸியும் கிற்றார், பாட்டு. வின்ஸ் தெம்பேரா பியானோ, கிளாவினெட். கபிரியேலே லொரென்ட்ஸி ஹமண்ட் ஒர்கனும் சிந்தசைஸரும். பாப் கல்லேரோ பேஸ். ஜான்னி தல்லால்யோ ட்ரம்ஸ். ஆக இரண்டு கிற்றார், இரண்டு கீபோர்ட், பேஸ், ட்ரம்ஸ். தனியாக ஒரு பாடகர் கிடையாது.

ராடியுஸும் லொரென்ட்ஸியும் ஃபொர்முலா த்ரே என்ற மூவர் குழுவிலிருந்து வந்தவர்கள். மூன்றாவது ஆள் தோனி சிக்கோ, ட்ரம்ஸ். பத்திஸ்தி மெட்டுப் போட மோகோல் வரிகள் எழுதி, அவர்களுடைய தயவில் வளர்ந்த குழு அது. லவேத்ஸி இ கமலேயோந்தியிலும் ஃப்ளோரா ஃபவுனா செமெந்தோவிலும் இருந்தவர், மெட்டுப் போடுகிற ஆள். கல்லேரோ ஒசேஜ் ட்ரைப், துவெல்லோ மாத்ரே என்று ரொக்கிலிருந்து ஜாஸ் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தவர். தெம்பேரா அப்போதே அரேஞ்சராக, அதாவது பாட்டுக்கு எந்த வாத்தியம் எங்கே என்று வகுத்துக் கொடுக்கிறவராக, வேலை செய்துகொண்டிருந்தார். தல்லால்யோ எல்லோரிலும் பழையவர். பாடகர் ஆத்ரியானோ செலெந்தானோவுக்குப் பின்னால் வாசித்த இ ரிபெல்லி குழுவின் ட்ரம்மர். 1967இல் அந்தக் குழு பாடி நாடெங்கும் கேட்ட 'புஞ்ஞி கியூசி'க்கு மெட்டுப் போட்டதில் இவருக்கும் பங்கு உண்டு.

சூப்பர் குழு என்று சொன்னால் பொதுவாக என்ன நினைப்போம்? தங்கள் தங்கள் குழுவில் முன்னால் நின்று கைதட்டு வாங்கிய நட்சத்திரங்கள் ஒன்றுசேர்வது. இந்த ஆறு பேர் அப்படி இல்லை. இவர்களில் பாதிக்கு மேல் மற்றவர் தட்டுகளில் வாசித்துச் சம்பளம் வாங்கிய ஆக்கள். இத்தாலியில் இவர்களைத் துர்னிஸ்தா என்பார்கள், ஸ்டூடியோவில் ஷிப்ட் கணக்கில் வாசிக்கிறவர்கள். நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால் பக்கவாத்தியம். பாடகரின் மூச்சு எங்கே முடியும், அடுத்த அடி எங்கே தொடங்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கைகள். தொத்தோரே குறையாகச் சொல்கிற அந்த அடக்கம் அங்கேயிருந்துதான் வருகிறது.

லொரென்ட்ஸியின் இடது கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபொர்முலா த்ரேயில் பேஸ் கிற்றார் வாசிக்க ஆள் இல்லை. கிற்றார், ட்ரம்ஸ், கீபோர்ட், அவ்வளவுதான். அடிநாதத்தையும் கீபோர்ட்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வலது கை ஒர்கனில் என்ன விளையாட்டு விளையாடினாலும் இடது கை கீழே காவல் இருந்தாக வேண்டும். அந்தக் குழுவின் பாட்டுகளில் ஒரு கனத்த, முரட்டுத்தனமான இழுவை இருக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இல் வோலோவில் பக்கத்தில் கல்லேரோ வந்து நிற்கிறார். லொரென்ட்ஸியின் இடது கைக்கு விடுதலை.

விடுதலை கிடைத்தவர் என்ன செய்வார்? இரண்டு கையாலும் அடி அடி என்று அடிக்கலாம். பக்கத்தில் இன்னொரு கீபோர்ட்காரர் வேறு இருக்கிறார், போட்டி போடவும் ஆள் உண்டு. இரண்டு கீபோர்ட் வைத்து வாசித்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். இருவரும் இடது கையை இறக்கினால் கீழே எல்லாம் ஒரே கலங்கல். பேஸ்காரர் என்ன வாசிக்கிறார் என்று அவருக்கே கேட்காது. எங்கள் பூசையில் இதற்காகவே ஒருவர் ஸ்ட்ரிங்ஸை மட்டும் பிடித்துக்கொண்டிருப்போம், மற்றவர் பியானோ. அதுவும் பண்டிகை நாளில் உற்சாகம் ஏறிவிட்டால் காற்றில் போய்விடும்.

இந்தத் தட்டில் அந்தக் கலங்கல் எங்கேயுமே இல்லை. தெம்பேராவின் வேலை தட்டி எழுப்புவது. பியானோவாகட்டும் கிளாவினெட்டாகட்டும், அடித்தவுடன் ஒலி அடங்கத் தொடங்குகிற வாத்தியங்கள். லொரென்ட்ஸியின் வேலை பிடித்து வைப்பது. ஹமண்டில் கட்டையை விடும்வரை நாதம் நிற்கும், சிந்தசைஸரும் அப்படியே இழுத்துப் பிடிக்கும். ஒருவர் புள்ளி வைக்கிறார், மற்றவர் கோடு இழுக்கிறார். இருவரும் நடு மேல் ஸ்தாயியில் தங்களுக்குள் இடம் பிரித்துக்கொண்டு, கீழ்ப்பகுதி முழுவதையும் கல்லேரோவிடம் விட்டுவிடுகிறார்கள். அந்த இடம் கிடைத்ததால்தான் கல்லேரோவின் பேஸ் வெறும் முட்டுக்கொடுப்பாக இல்லாமல் தனக்கென்று ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போகிறது. நல்ல ஹெட்போன் இருந்தால் ஒருமுறை மற்ற எல்லாவற்றையும் விட்டு அவரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். ஜாஸ் பக்கம் போய் வந்த விரல் என்று சொல்லாமலே தெரியும்.

கிற்றார்களும் இதே கணக்குத்தான். ராடியுஸ் புளூஸ் ஊறிய எலெக்ட்ரிக் கிற்றார்காரர். ஒரு சுரத்தைப் பிடித்தால் அதை வளைத்து, அழவைத்து, அப்புறம்தான் விடுவார். லவேத்ஸி பன்னிரண்டு தந்திக் கிற்றாரில் மினுமினுப்பாக ஒரு விரிப்பு விரித்துக்கொண்டே இருப்பார். இருவரும் சோலோ வாசிக்கத் தொடங்கியிருந்தால் தட்டு வேறுமாதிரிப் போயிருக்கும். இங்கே ஒருவர் பாய் விரிக்க மற்றவர் உட்காருகிறார்.

இந்தக் குழுவின் ஒலியில் என் காதை இழுத்த இன்னொன்று ராடியுஸின் எலெக்ட்ரிக் சித்தார். பெயரைப் பார்த்துவிட்டு ரவிசங்கரை எதிர்பார்க்க வேண்டாம், அது கிற்றார்தான். கிற்றார் மாதிரியே பிடித்து, கிற்றார் மாதிரியே வாசிப்பது. வித்தியாசம் குதிரையில் இருக்கிறது. சாதாரணக் கிற்றாரில் தந்தி குதிரையின் கூர்மையான விளிம்பில் உட்காரும், அதனால் ஒலி சுத்தமாகப் பிரியும். எலெக்ட்ரிக் சித்தாரில் குதிரை அகலம், கிட்டத்தட்டத் தட்டை. அதிர்கிற தந்தி அந்த மேற்பரப்பைத் தொட்டுத் தொட்டு எழும், ஒரு 'ஜிங்' ரீங்காரம் வரும். நம் தம்புராவில் தந்திக்கடியில் நூலைச் செருகி, அங்கே இங்கே நகர்த்தி ஜீவா பிடிப்பார்களே, அதே வித்தைதான். நூலை நகர்த்தும்போது செத்த ஒலி சட்டென்று உயிர்பெறும் அந்தக் கணம் தெரிந்தவர்களுக்கு, ராடியுஸ் ஏன் அந்த வாத்தியத்தைத் தூக்கினார் என்று சொல்லத் தேவையில்லை. அதையும் அவர் காட்சிக்காக வாசிப்பதில்லை. பாட்டின் ஓரத்தில் ஒரு நிறமாகப் பூசிவிட்டுப் போகிறார்.

வரிகள் மோகோல். இயற்பெயர் ஜூலியோ ராபெத்தி. பத்திஸ்தி என்ற பெயரைச் சொன்னால் இத்தாலியில் யாரும் அடுத்து இவர் பெயரைச் சொல்லுவார்கள். இருவரும் 1970இல் மிலானோ பக்கத்திலிருந்து ரோம் வரை குதிரையில் போன கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஏன் போனார்கள் என்று கேட்டால் சரியான காரணம் யாரிடமும் கிடையாது, ஆசை, போனார்கள். நூமெரோ ஊனோ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய கூட்டத்திலும் மோகோல் ஒருவர். மிலானோவின் தலைமைத் தேவாலயத்துக்குப் பின்னால் கல்லேரியா தெல் கோர்சோ என்றொரு கூரை போட்ட சந்து இருக்கிறது. இசைப் பதிப்பகங்கள், தட்டுக் கொம்பனிகள் எல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான் கூடாரமடித்திருந்தன, நூமெரோ ஊனோவும் அங்கேதான். நான் அந்தப் பக்கம் போனால் ஒருமுறை நிமிர்ந்து மாடி ஜன்னல்களைப் பார்த்துவிட்டுத்தான் நடப்பேன். கீழே துணிக்கடைக்குப் போகிற சனம் என்னை ஒருமாதிரிப் பார்க்கும்.

கோமோ மாவட்டத்தில் அன்சானோ தெல் பார்க்கோ என்ற ஊரில் ஒரு பழைய மாவு ஆலை. அதை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி 'இல் முலீனோ' என்று பெயர் வைத்திருந்தார்கள். மோகோலும் பத்திஸ்தியும் அவர்களைச் சுற்றியிருந்த கலைஞர்களும் வேலை செய்த இடம். நகரத்துச் சத்தத்திலிருந்து தள்ளி, அவசரம் இல்லாமல் இருந்து வாசிக்கிற ஏற்பாடு. மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குக் கைகொடுத்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று ஷிப்ட் வேலை செய்கிற எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாட்டுகளுக்கு வருவோம். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. முதல் பக்கத்தில் 'கோமே ஊனா சன்சாரா', 'லா கன்சோனே தெல் நோஸ்த்ரோ தெம்போ', 'இல் கலோரே உமானோ', 'இ ப்ரீமி ரெஸ்பீரி'. நம் காலத்தின் பாட்டு, மனித வெதுவெதுப்பு, முதல் மூச்சுகள். தலைப்புகளைப் பார்த்தாலே தெரிகிறது, கிரகமும் தத்துவமும் இல்லை, மனுசர் கதை.

'இல் கலோரே உமானோ'தான் என் பாட்டு. யாராவது இந்தக் குழுவில் ஒன்றே ஒன்று கேட்கத் தயார் என்றால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். மெட்டு மிக எளிது, இரண்டாம் முறை கேட்கும்போதே வாயில் வந்துவிடும். ஆனால் அந்த மெட்டுக்குக் கீழே ஆறு பேரும் செய்துகொண்டிருப்பது எளிதில்லை. இப்படி ஒரு மெட்டை என் கையில் தந்தால் நான் முதல் இரண்டு வரியிலேயே என்னிடம் இருக்கிற கோர்ட் எல்லாவற்றையும் கொட்டி முடித்திருப்பேன். இவர்கள் அதைச் செய்வதில்லை. யார் எப்போது சேர்ந்தார்கள் என்று தெரியாமலே பாட்டு நிறைந்துவிடுகிறது. தல்லால்யோவைக் கவனியுங்கள். பெரிய ட்ரம்மர், என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடியவர். பாட்டை நகர்த்தத் தேவையானதை மட்டும் செய்கிறார். செலெந்தானோவுக்குப் பின்னால் இருந்து வாசித்தவருக்கு முன்னால் நிற்கிறவரை மறைக்கக்கூடாது என்பது கையிலேயே எழுதியிருக்கும்போல. இங்கே முன்னால் நிற்பது மெட்டு.

இரண்டாம் பக்கத்தில் 'லா மியா ரிவொலுத்ஸியோனே', 'சின்ஃபோனியா தெல்லே ஸ்கார்ப்பே தா தென்னிஸ்', 'சோன்னோ', கடைசியாக 'இல் கந்தோ தெல்லா ப்ரேயிஸ்தோரியா'. டெனிஸ் சப்பாத்தின் சிம்பொனி என்று தலைப்பு வைக்கிற துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் சிம்பொனி என்று மார்தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மோகோல் வைத்த பகிடி என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். 'சோன்னோ' எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. தூக்கம் என்று பெயர், பெயருக்கேற்ற மாதிரி என்று தொத்தோரே சொன்னார். அந்த ஒரு விசயத்தில் நாங்கள் இருவரும் ஒரு கட்சி. கடைசிப் பாட்டுக்கு அடைப்புக்குறிக்குள் 'மூலக்கூறுகள்' என்று துணைத்தலைப்பு வேறு. அங்கேதான் ஆறு பேரும் கொஞ்சம் கயிற்றை விட்டுப் பிடிக்கிறார்கள். தொத்தோரேயின் நடுத்தட்டில் ஒரு இடம் கேட்கிற உரிமை அந்தப் பாட்டுக்கு உண்டு.

'லா மியா ரிவொலுத்ஸியோனே', என் புரட்சி. அந்த 'என்' சும்மா விடுகிற சொல் இல்லை. 1974 இத்தாலிக்கு லேசான வருடமா? எண்ணெய் விலை ஏறி, 1973 டிசம்பர் தொடக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டிருந்தார்கள். மே மாதம் விவாகரத்துச் சட்டம் இருக்கட்டுமா போகட்டுமா என்று மக்கள் வாக்கெடுப்பு. அதே மே 28 அன்று பிரேஷியா நகரின் பியாத்சா தெல்லா லோஜ்ஜா சதுக்கத்தில் கூட்டத்துக்கு நடுவே குண்டு வெடித்தது. ஓகஸ்டில் இத்தாலிக்குஸ் ரயிலில் குண்டு. இளம் பிள்ளைகள் எல்லோரும் 'எங்கள்' புரட்சி என்று தெருவில் நின்ற நேரம். பாட்டுக் கேட்கிறவர்களும் ஒவ்வொரு குழுவையும் நீ எந்தப் பக்கம் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மோகோல், பத்திஸ்தி வட்டம் இடதுசாரிப் பிள்ளைகளின் கண்ணில் சந்தேகத்துக்குரிய கூட்டம். காதலையும் தனி மனித மனசையும் பாடிக்கொண்டிருந்தால் அந்த வருடத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இங்கேதான் இ ரிபெல்லி கதை எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. 'புஞ்ஞி கியூசி' மெட்டில் தல்லால்யோவுக்குப் பங்கு உண்டு என்று சொன்னேன் இல்லையா, அதைப் பாடியவர் யார் தெரியுமா? தெமெத்ரியோ ஸ்த்ராதோஸ். பிறகு ஏரியா குழுவின் பாடகரானவர். ஏரியா 1973இல் முதல் தட்டுப் போட்டது, இத்தாலிய ரொக்கிலேயே இவ்வளவு வெளிப்படையாக அரசியல் கதைத்த குழு வேறு சொல்வது கடினம். ஸ்த்ராதோஸ் குரலை வைத்துச் செய்த பரிசோதனைகள் வேறு உலகம். 1979இல் அவர் நோயில் விழுந்தபோது சிகிச்சைக்குப் பணம் சேர்க்க மிலானோ அரேனாவில் பெரிய கச்சேரி ஏற்பாடு செய்தார்கள். கச்சேரிக்கு முதல் நாள் நியூயோர்க்கில் இறந்துபோனார், கச்சேரி அஞ்சலியாக நடந்தது. ஒரே பாட்டின் மெட்டில் பங்குள்ளவரும் அதைப் பாடியவரும் ஏழு வருடத்தில் இப்படி எதிரெதிர்த் திசையில் நிற்கிறார்கள். ஒருவர் தொண்டை கிழியத் தெருவின் பக்கம். மற்றவர் மாவு ஆலையில் இருந்து மெல்லிய தாளம். யார் சரி என்று என்னிடம் கேட்காதீர்கள். என்னிடம் இரண்டு தட்டும் இருக்கிறது.

தொத்தோரேயோடு நான் வாதாடுவது அரசியலைப் பற்றி அல்ல. "சின்னப் பாட்டு" என்று அவர் சொல்கிற தொனியைப் பற்றி. நீண்ட பாட்டில் ஒருவர் மாறி ஒருவர் முன்னால் வந்து வாசித்துவிட்டுப் போகலாம், நேரம் இருக்கிறது. நாலைந்து நிமிடப் பாட்டில் ஆறு பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது துண்டு துண்டு இடம்தான். அதற்குள் தான் இருப்பது தெரியவும் வேண்டும், மற்றவன் காலை மிதிக்கவும் கூடாது. "தொத்தோரே, இது அதைவிடக் கஷ்டம்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ கீபோர்ட் வாசிக்கிறாய், அதனால் உனக்குக் கஷ்டம் தெரிகிறது. எனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்கிறது" என்றார். அந்தப் பதிலுக்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. நியாயமான பதில். ஆனாலும் தட்டைத் திருப்பி இரண்டாம் பக்கத்தைப் போட்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழு நிலைக்கவில்லை. மேடையில் ஏறியதும் குறைவு. இதில் சோகப்பட எதுவும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே முழுநேர வேலை இருந்தது. கல்லேரோவும் தல்லால்யோவும் அதே 1974இல் பத்திஸ்தியின் 'அனிமா லத்தீனா'வில் வாசித்திருக்கிறார்கள். அந்தத் தட்டை எடுத்துக் கேளுங்கள், பேஸும் ட்ரம்ஸும் இல் வோலோ வாசனையோடுதான் இருக்கும்.

மற்றவர்கள் போன இடங்களைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. 1978இல் இத்தாலியத் தொலைக்காட்சியில் 'அட்லாஸ் யூஃபோ ரொபோ' என்ற ஜப்பானியக் கார்ட்டூன் வந்தது. அந்தத் தலைமுறை இத்தாலியர் யாரைக் கேட்டாலும் அதன் பாட்டைப் பாடிக் காட்டுவார்கள், ஐம்பது தாண்டிய பஸ் டிரைவர் உட்பட. அதன் இசையில் வின்ஸ் தெம்பேராவின் கை உண்டு. கூட வேலை செய்தவர் ஆரெஸ் தவொலாத்ஸி, ஏரியாவின் பேஸ்காரர்! சித்தாந்தம் எல்லாம் போய் இரண்டு கரையும் ஒரு கார்ட்டூனில் சந்தித்துக்கொண்டன. தெம்பேரா, பிக்ஸியோ, ஃப்ரித்ஸி மூவரும் சேர்ந்து 1977இல் இயக்குநர் லூச்சோ ஃபுல்ச்சியின் 'செத்தே நோத்தே இன் நேரோ' படத்துக்குப் போட்ட இசை பிறகு 'கில் பில்' முதல் பாகத்திலும் ஒலித்தது. குழந்தைகளுக்கு ரொபோ, பெரியவர்களுக்குத் திகில்படம். நல்ல அரேஞ்சருக்கு எல்லாம் ஒன்றுதான்.

லவேத்ஸி மெட்டுக்காரராகவே நிலைத்துவிட்டார். லொரெதானா பெர்த்தே 1979இல் பாடிய 'ஏ லா லூனா புஸ்ஸோ' அவர் மெட்டு, இத்தாலிய வானொலிக்கு ரெகே தாளத்தைப் பழக்கிய பாட்டுகளில் ஒன்று. 1988இல் லூச்சோ தால்லாவும் ஜான்னி மொராந்தியும் சேர்ந்து பாடிய 'வீத்தா'விலும் லவேத்ஸி, மோகோல் கூட்டுத்தான். ராடியுஸ் மிலானோவில் சொந்த ஸ்டூடியோ வைத்தார். பாடகர் ஃபிராங்கோ பத்தியாத்தோவின் 1979 தட்டு 'லேரா தெல் சிங்க்யாலே பியாங்கோ' அங்கே பதிவானது, 1981இன் 'லா வோச்சே தெல் பத்ரோனே'யிலும் கிற்றார் ராடியுஸ்தான். 2023 பெப்ரவரியில் காலமானார். செய்தி வந்த அன்று பத்திரிகைத் தலைப்புகளில் ஃபொர்முலா த்ரே, பத்திஸ்தி, பத்தியாத்தோ எல்லாப் பெயரும் இருந்தது. இல் வோலோ இருந்தால் உள்ளே ஒரு வரியில்.

கேட்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று. தேடும்போது வருடத்தையும் சேர்த்து அடியுங்கள், இல்லாவிட்டால் கோட்டுப் பெடியள் வந்துவிடுவார்கள். முதலாம் பக்கத்தில் பாதிவரை ஒன்றும் பிடிபடவில்லை என்றால் விட்டுவிடாமல் 'இல் கலோரே உமானோ' வரைக்கும் பொறுங்கள். அதிலும் பிடிக்கவில்லை என்றால் சரி, தொத்தோரேயின் கட்சியில் உங்களுக்கு இடம் இருக்கிறது.

1975இன் இரண்டாம் தட்டுக்குப் பெயர் மிக நீளம், 'இருப்பதா இல்லாதிருப்பதா? இருப்பது, இருப்பது, இருப்பது!' என்கிற மாதிரி. அதில் வாய்ப்பாட்டு மிகக் குறைவு, பெரும்பாலும் வாத்தியம்தான். பக்கவாத்தியக்காரர்கள் கடைசியில் வாய்ப்பாட்டையே கிட்டத்தட்ட வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது தொத்தோரேயின் அலுமாரியில் இல்லை. இருந்திருந்தால் நடுத்தட்டில்தான் இருந்திருக்கும் என்று அவரே சொல்கிறார். என் கணக்கில் முதல் தட்டுத்தான் மேல். இந்த வழக்கு இன்னும் நடக்கிறது.